நியூயார்க்கை மேலிருந்து பார்க்க எந்த மாடி ஏறுவது?

நியூ ஜெர்சியில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். பயணக் களைப்பு தீர்ந்து, பட்டப்பகலில் தூக்கம் சொக்குவது நின்றதும், "எம்பயர் ஸ்டேட் பில்டிங்குக்கு எப்போது கூட்டிப்போகிறாய்?" என்ற கேள்வி வந்துவிடும். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறை அது. உலகிலேயே உயரமான கட்டடம் எது என்ற பொது அறிவுக் கேள்விக்கு எம்பயர் ஸ்டேட் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களும் அதில் உண்டு. டிக்கெட் எடுக்க உட்காரும் பிள்ளைகளுக்குத்தான் குழப்பம். மன்ஹாட்டனில் காசு கொடுத்து ஏறிப் பார்க்கும் பெரிய காட்சித்தளங்கள் இப்போது ஐந்து இருக்கின்றன: எம்பயர் ஸ்டேட், ராக்ஃபெல்லர் சென்டரின் உச்சியில் இருக்கும் டாப் ஆஃப் தி ராக், உலக வர்த்தக மைய வளாகத்தின் ஒன் வேர்ல்ட், ஹட்சன் யார்ட்ஸ் பகுதியின் எட்ஜ், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய சம்மிட் ஒன் வாண்டர்பில்ட். ஐந்தும் ஏறக்குறைய ஒரே விலை. ஐந்தும் தன்னை விட்டால் ஆளில்லை என்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வருபவர்களுக்கு, ஒரே ஒரு மாடிதான் ஏற முடியும் என்றால், டாப் ஆஃப் தி ராக். மற்ற நான்குக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுக்க ஏதாவது ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும்.

பலரும் செய்வது போல உயரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் இந்த முடிவு தலைகீழாகத் தெரியும். ஒன் வேர்ல்டின் பார்வையாளர் தளங்கள் 100 முதல் 102 வரையிலான மாடிகளில், ஏறத்தாழ 385 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. எட்ஜ் 345 மீட்டர். எம்பயர் ஸ்டேட்டின் 86-வது மாடி 320 மீட்டர்; கூடுதல் பணம் கொடுத்து ஏறும் 102-வது மாடி 381 மீட்டர். சம்மிட்டின் கண்ணாடிப் பெட்டிகள் 324 மீட்டர் உயரத்தில் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டாப் ஆஃப் தி ராக் இருக்கும் கட்டடத்தின் மொத்த உயரமே 259 மீட்டர்தான். பட்டியலில் கடைசி.

ஆனால் நகரத்தைப் பார்ப்பதற்கு உயரம் ஓர் அளவுக்கு மேல் உதவுவதில்லை. 250 மீட்டரில் நிற்கும்போது சுற்றியுள்ள கட்டடங்களின் முடிகள் கண்ணுக்கு நேரே வருகின்றன. சில நம்மைவிட உயர்ந்து நிற்கின்றன. நாம் கட்டடக் காட்டுக்குள் இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிகிறது. 380 மீட்டருக்குப் போனால் அதே கட்டடங்கள் தட்டையாகி, விமான ஜன்னலில் தெரியும் வரைபடம் போல ஆகிவிடுகின்றன. தொலைவு நிறையத் தெரியும். அருகில் இருப்பதன் பிரம்மாண்டம் போய்விடும்.

இன்னொன்று, ஏறி நிற்கிற கட்டடம் கண்ணில் படாது. திருச்சியில் உச்சிப்பிள்ளையார் கோயில் படியேறி நின்றால் காவிரி தெரியும், ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும், மலைக்கோட்டை தெரியாது. அதைப் பார்க்கக் காவிரிப் பாலத்துக்குத்தான் போக வேண்டும். நியூயார்க் என்றதும் மனதில் எழும் உருவம் எம்பயர் ஸ்டேட்டின் கூர்முனை என்றால், அதன் மேலேயே ஏறி நின்று அதைத் தேடிப் பயனில்லை. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: எம்பயர் ஸ்டேட்டைப் பார்க்க வேண்டுமா, அதன் மேல் நிற்க வேண்டுமா? இரண்டும் வேறு வேறு ஆசைகள்.

பார்க்க வேண்டும் என்றால்

டாப் ஆஃப் தி ராக் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ராக்ஃபெல்லர் சென்டர் மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், 49, 50-ஆவது தெருக்களுக்கு இடையில் இருக்கிறது. எம்பயர் ஸ்டேட் இருப்பது 34-ஆவது தெருவில். இடையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அடியிலிருந்து நுனிவரை முழுக் கட்டடமும் ஒரே பார்வையில் அடங்குவதற்குச் சரியான தூரம் அது. அதற்கு அப்பால், மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் ஒன் வேர்ல்ட் தனியாக நிற்பதும் தெரியும். பின்புறம் திரும்பினால் 59-ஆவது தெருவில் தொடங்கி வடக்கே நான்கு கிலோமீட்டர் நீளும் சென்ட்ரல் பார்க். தெற்கே கல்லும் கண்ணாடியும், வடக்கே மரங்கள். இரண்டும் ஒரே தளத்திலிருந்து இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பது இங்கே மட்டும்தான்.

பூங்காப் பக்கத்துக் காட்சி முன்போல முழுமையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 57-ஆவது தெருவை ஒட்டிக் கடந்த சில ஆண்டுகளில் பென்சிலை நட்டு வைத்ததுபோல ஒல்லியான குடியிருப்புக் கோபுரங்கள் முளைத்துவிட்டன. அவற்றில் 472 மீட்டர் உயரமுள்ள சென்ட்ரல் பார்க் டவரும், 435 மீட்டர் உயரமுள்ள ஸ்டைன்வே டவரும் பூங்காவை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே குடியிருக்கும் கோடீஸ்வரர்களுக்குப் பூங்கா முழுவதுமாகத் தெரியும் என்று நம்புகிறேன். நமக்கு அந்தக் கோபுரங்களுக்கு நடுவே கிடைப்பதுதான். அப்படியும் அக்டோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது இங்கிருந்து பூங்காவைப் பார்ப்பதற்கு ஈடில்லை.

தளம் மூன்று அடுக்கு. 67-வது மாடி உள்ளறை. 69-வது மாடியில் ஆளுயரக் கண்ணாடித் தடுப்புகள், அவற்றுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி. 70-வது மாடியில் கண்ணாடியே கிடையாது. மேல் மாடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருப்பதால் தடுப்புக்குத் தேவையில்லாமல் போயிற்று. படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். கண்ணாடி வழியே இரவில் எடுக்கும் படங்களில் பாதி, எடுப்பவர் சட்டையின் பிரதிபலிப்பாகத்தான் இருக்கும். 70-வது மாடியில் அந்தத் தொல்லை இல்லை.

1933-ல் இந்தத் தளத்தை முதன்முதலில் திறந்தபோது கப்பலின் மேல்தளம் போல அமைத்து, சாய்வு நாற்காலிகள் எல்லாம் போட்டிருந்தார்கள். 1986-ல் மூடி, 2005-ல்தான் மறுபடியும் திறந்தார்கள். 11 தொழிலாளர்கள் இரும்பு உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுச் சாப்பிடும் புகழ்பெற்ற கருப்பு வெள்ளைப் புகைப்படம், 1932 செப்டம்பரில் இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது எடுத்ததுதான். இப்போது அதே மாதிரி ஒரு உத்தரத்தில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, சில அடி தூக்கிச் சுழற்றிப் படமெடுத்துத் தருகிறார்கள். தனிக் கட்டணம். 70-வது மாடிக்கும் மேலே தூக்கிக் காட்டும் சுழல் மேடைக்கும் தனிக் கட்டணம். இரண்டும் இல்லாமலேயே காட்சி முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. அந்தக் காசில் நால்வர் நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

அதன் மேல்தான் நிற்க வேண்டும் என்றால்

எம்பயர் ஸ்டேட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அங்கே வாங்குவது காட்சியை அல்ல, கட்டடத்தை. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக்கு நடுவே, 410 நாட்களில், வாரத்துக்கு நான்கரை மாடி என்ற வேகத்தில் எழுப்பி, 1931 மே 1 அன்று திறந்தார்கள். அதிபர் ஹூவர் வாஷிங்டனில் ஒரு பொத்தானை அழுத்தி விளக்கேற்றிவைத்தார். அலுவலகங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. 'எம்ப்டி ஸ்டேட்' என்று ஊரே கேலி செய்தது. அந்த ஆண்டுகளில் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்ததே மேலே ஏறிப் பார்க்க வந்த கூட்டத்தின் டிக்கெட் காசுதான். 1945-ல் பனிமூட்டத்தில் வழிதவறிய குண்டுவீச்சு விமானம் ஒன்று 79-வது மாடியில் மோதியது. கட்டடம் அசையவில்லை. இந்தக் கதைகளில் ஆர்வமுள்ள அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால், மேலே போவதற்கு முன்பே கீழ்க்கூடத்தின் சலவைக்கற்களிலும், சுவரில் பதித்த கட்டடத்தின் உலோகச் சித்திரத்திலும் நேரம் போய்விடும்.

80-வது மாடிவரை ஒரு லிஃப்ட். அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். வரிசை நீண்டிருந்தால் மீதி ஆறு மாடியையும் படியிலேயே ஏறிவிட அனுமதிக்கிறார்கள்; முழங்கால் ஒத்துழைக்கிறவர்களுக்கு அது லாபம். 86-வது மாடித் தளம் கட்டடத்தை நான்கு பக்கமும் சுற்றி ஓடும் திறந்த நடை. அகலம் குறைவு. கூட்டம் இருந்தால் கோயில் பிராகாரத்தில் நகர்வதுபோல நகர்ந்துதான் போக வேண்டும். இடுப்பளவு கைப்பிடிச் சுவருக்கு மேல் உள்நோக்கி வளைந்த கம்பிவேலி. போனைப் பிடித்த கையைக் கம்பிகளுக்கிடையே நீட்டினால் தடையில்லாத படம் கிடைக்கும். காற்று அடிக்கும் அடியில் போன் கையில் இருக்குமா என்பது வேறு கேள்வி. மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிக்கொள்வது நல்லது. ஜனவரியில் கையுறை இல்லாமல் இங்கே படமெடுக்கப் போகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் உள்ளே ஓடி வந்துவிடுவார்கள்.

102-வது மாடிக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஆகாயக் கப்பல்களைக் கட்டிப்போட்டுப் பயணிகளை இறக்கலாம் என்ற நிறைவேறாத திட்டத்துக்காக எழுப்பிய கம்பத்தின் உச்சி அது. 2019-ல் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டுப் புதுப்பித்திருக்கிறார்கள். அழகாகவே இருக்கிறது. ஆனால் சின்ன அறை, மூடிய கண்ணாடி. கீழே திறந்த காற்றில் பார்த்த அதே ஊரை இன்னும் கொஞ்சம் தட்டையாகப் பார்ப்பதற்கு அடிப்படை டிக்கெட்டை நெருங்கும் தொகையைக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

எம்பயர் ஸ்டேட்டுக்குப் போக நல்ல நேரம் இரவு. ஐந்தில் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் வழக்கமுடையது இது. கூட்டம் ஒன்பது மணிக்கு மேல் கரையத் தொடங்கும். எங்கே எது இருக்கிறது என்று அடையாளம் தேடும் அவசியம் அப்போது இல்லை. ஐந்தாம் அவென்யூ முழுவதும் கார்களின் விளக்குகள், டைம்ஸ் சதுக்கத்தின் பக்கம் மட்டும் அடுப்பு எரிவதுபோல ஒரு வெளிச்சம், அது போதும்.

மற்ற மூன்றும்

சம்மிட் ஒன் வாண்டர்பில்ட் 2021 அக்டோபரில் திறந்தது. சுவர், கூரை, தரை எல்லாம் கண்ணாடி. செருப்புக்கு மேல் உறை மாட்டிவிடுகிறார்கள். வெயில் நாளென்றால் கறுப்புக் கண்ணாடியும் தருகிறார்கள், தேவைப்படும். தரை முகம் காட்டும் கண்ணாடி என்பதால் பாவாடை வேண்டாம், கால்சட்டை நல்லது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். புடவை கட்டி வரும் அம்மாக்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. என்னுடன் வந்த சித்தி உள்ளே காலெடுத்து வைத்ததும் நின்றுவிட்டார். காலுக்குக் கீழே கூரை, கூரைக்குக் கீழே வானம், அதில் தலைகீழாகத் தொங்கும் அவரே. கொசுவத்தை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு, வழுக்காத தரையில் வழுக்கும் தரையில் நடப்பதுபோல நடந்தார். ஜன்னல் ஓரம் சேர்ந்த பிறகு ஒரு பெருமூச்சு. "ஊரைப் பார்க்கலாம் என்றுதானே கூட்டிவந்தாய்? இங்கே எங்கு திரும்பினாலும் நாமேதான் தெரிகிறோம்."

சம்மிட்டைப் பற்றி நான் இதைவிடச் சரியாக எதையும் சொல்லிவிட முடியாது. சுற்றிலும் படமெடுப்பவர்கள், அவர்களைப் படமெடுப்பவர்கள், எல்லோருடைய பிம்பங்களும். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஓட்டு இதற்குத்தான் விழும். விழட்டும், அவர்களுக்கு அங்கே இரண்டு மணி நேரம் போதாது. பெரியவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு: கிரைஸ்லர் கட்டடம். எம்பயர் ஸ்டேட் வரும்வரை பதினொரு மாதம் உலகின் உயரமான கட்டடமாக இருந்த அதன் எஃகு முடி 319 மீட்டரில் முடிகிறது. சற்றுத் தள்ளி, ஏறக்குறைய கண் மட்டத்தில், வெயில் பட்டுப் பளபளக்கும் அந்த முடியை வேறு எங்கிருந்தும் இப்படிப் பார்க்க முடியாது. தென்மேற்கில் எம்பயர் ஸ்டேட்டும் ராக்கிலிருந்து தெரிவதைவிடப் பெரிதாகத் தெரியும்.

எட்ஜ் தீவின் மேற்கு விளிம்பில், ஹட்சன் ஆற்றை ஒட்டி இருக்கிறது. 100-வது மாடியிலிருந்து திறந்த தளம் ஒன்று 24 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்ந்த கண்ணாடிச் சுவர், தரையில் ஒரு முக்கோணக் கண்ணாடித் துண்டு. துணிந்தவர்கள் அதில் படுத்துப் படமெடுக்கிறார்கள். நகரத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் இடம் இது. மாலையில் வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து போய் மன்ஹாட்டனின் மேற்கு முகங்கள் அத்தனையையும் பொன்னாக்கும். திரும்பினால் ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியில் சூரியன் இறங்கும். மாலை நேரத்துக்கு மட்டும் என்றால் எட்ஜ் ராக்கை வென்றுவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்குப் போவதில் பொருளில்லை. தளம் கட்டடத்தின் ஒரு பக்கத்திலிருந்து நீண்டிருப்பதால் வெளியே நின்றபடி முழுச் சுற்று வரவும் முடியாது.

ஒன் வேர்ல்ட் பற்றித்தான் எனக்கு மனம் ஒருநிலையில் நிற்பதில்லை. காட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் அதற்குக் கடைசி இடம் கொடுப்பேன். முழுக்க மூடிய கண்ணாடி அறை. நடுநகரக் கட்டடங்கள் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சுதந்திர தேவி சிலை தெரியும்தான், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதைப் பார்த்து முகம் வாடிய பெரியவர்கள் பலர். ஆனால் துறைமுகம் முழுதும், புரூக்ளின் பாலமும் மன்ஹாட்டன் பாலமும் கிழக்கு ஆற்றைத் தாண்டும் விதம், தீவு எப்படிக் கூர்ந்து கடலுக்குள் முடிகிறது என்பது, இவையெல்லாம் இங்கிருந்துதான் புரியும். லிஃப்ட் 47 விநாடியில் மேலே போகிறது. போகும்போது சுவர்த்திரைகளில் இந்த இடம் சதுப்பு நிலமாக இருந்த நாளிலிருந்து இன்றுவரை 500 ஆண்டு வரலாறு ஓடுகிறது. சில நொடிகள் மட்டும் பழைய இரட்டைக் கோபுரங்களில் ஒன்று திரையில் எழுந்து மறையும். அப்போது லிஃப்டில் பேச்சு நிற்கும்.

நடைமுறையில் ஒன் வேர்ல்டுக்கு வலுவான ஆதரவு வேறொன்று. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்குவேர் பக்கம் குடியிருப்பவர்கள் பாத் ரயிலில் ஏறினால் அந்தக் கட்டடத்தின் அடியிலேயே இறங்கலாம். கடுங்குளிர், காற்று, மாடிப்படி, நீண்ட நடை எதுவும் இல்லை. எழுபதைத் தாண்டிய பெற்றோரை டிசம்பரில் அழைத்துப்போவதானால் நான் இதைத்தான் சொல்வேன். கீழே, விழுந்த கோபுரங்களின் அடித்தளம் இருந்த இடத்திலேயே அமைந்த இரண்டு நீர்த்தேக்கங்களும், விளிம்பைச் சுற்றி வெண்கலத்தில் வெட்டிய பெயர்களும் இருக்கின்றன. அதற்குக் கட்டணம் இல்லை.

எடிசன், இசெலின் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கணக்கு வேறு. மெட்ரோபார்க் நிலையத்தில் ஏறும் ரயில் 34-ஆவது தெருவின் பென் ஸ்டேஷனில் விடும். அங்கிருந்து கிழக்கே நடந்தால் எம்பயர் ஸ்டேட், மேற்கே நடந்தால் எட்ஜ். ராக்குக்கு மட்டும் சுரங்க ரயில் பிடிக்க வேண்டும். பி, டி, எஃப், எம் ஆகிய தடங்கள் ராக்கின் வாசலருகே நிற்கும்.

எப்போது, எவ்வளவு

எந்தக் கட்டடம் என்பதைவிட எந்த நேரம் என்பது பல சமயம் முக்கியமாகிவிடுகிறது. ஒரே டிக்கெட்டில் பகல், மாலை, இரவு மூன்றையும் பார்த்துவிடலாம். டிக்கெட்டில் இருப்பது நுழையும் நேரம் மட்டுமே. மேலே போன பிறகு பொதுவாக யாரும் இறங்கச் சொல்வதில்லை. சூரியன் மறைவதற்கு ஒரு மணி, ஒன்றேகால் மணி முன்பாக நுழைவு வாங்கினால், பை சோதனை, வரிசை எல்லாம் போக, வெளிச்சம் இருக்கும்போதே மேலே நிற்கலாம். ஜூன் கடைசியில் சூரியன் எட்டரைக்கு மறைகிறது. டிசம்பர் தொடக்கத்தில் நாலரைக்கே மறைந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் குளிர்காலத்தில் மாலை ஆறு மணி டிக்கெட் எடுத்துவிட்டு, மேலே போய் இருட்டைப் பார்ப்பவர்கள் நிறைய. சூரியன் மறைந்த பின்னும் அவசரப்பட்டு இறங்கக் கூடாது. அடுத்த அரை மணியில் வானம் கருநீலமாகவும், ஜன்னல்கள் எல்லாம் மஞ்சளாகவும் ஆகும் வேளைதான் எல்லாவற்றிலும் அழகு.

இந்த ரகசியம் அவர்களுக்கும் தெரியும். ஆகையால் மாலை நேர டிக்கெட்டுக்குக் கூடுதல் விலை. அடிப்படை டிக்கெட் ஐந்து இடத்திலும் நாளையும் நேரத்தையும் பொறுத்து ஏறத்தாழ 40 டாலரை ஒட்டி நிற்கும். வரி, கட்டணம், மாலை நேரக் கூடுதல் எல்லாம் சேர்ந்தால் நால்வர் குடும்பத்துக்கு 200 டாலர் வந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்குப் பொதுவாக டிக்கெட் இல்லை. 'வரிசையில் நிற்காமல் போகலாம்' என்று ஒரு வகை டிக்கெட் விற்பார்கள். அது விமான நிலையம் போன்ற பாதுகாப்புச் சோதனையைத் தவிர்க்காது. சாதாரண வாரநாளில் அதற்குக் காசு கொடுப்பது வீண். 34-ஆவது தெருவில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அணுகுபவர்களிடம் எதுவும் வாங்க வேண்டாம். கட்டடத்தின் சொந்த இணையதளம் போதும்.

முன்கூட்டியே வாங்கினால் நல்ல நேரம் கிடைக்கும்; ஆனால் வானிலைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பணமும் பெரும்பாலும் திரும்பாது. மழை அவ்வளவு பெரிய எதிரி இல்லை. தாழ்ந்த மேகம்தான் எதிரி. கீழே தெரு தெளிவாக இருக்கும்போதே மேலே வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். எனவே விருந்தாளிகள் சில வாரம் தங்குகிறார்கள் என்றால், கோடைச் சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு, வானிலையைப் பார்த்து இரண்டு நாள் முன்பு வாங்குவதே உத்தமம். காலையில் எழுந்ததும் வீதியிலிருந்து அண்ணாந்து பாருங்கள். எம்பயர் ஸ்டேட்டின் கூர்முனை மேகத்துக்குள் மறைந்திருந்தால், அன்று எந்த மாடியும் வேண்டாம்.

இன்னொரு காட்சித்தளத்துக்கும் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பல இடங்களைச் சேர்த்துத் தரும் கூட்டு டிக்கெட்டுகள் அந்த ஆசையை வளர்க்கின்றன. என்னைக் கேட்டால் வேண்டாம். இரண்டாவது உயரத்திலிருந்து தெரிவதும் அதே ஊர்தான். பெரியவர்கள் பாதியிலேயே உட்கார இடம் தேடத் தொடங்குவார்கள். அந்தப் பொழுதில் ஊரைக் கீழிருந்து, தண்ணீரிலிருந்து பார்க்கலாம். ரூஸ்வெல்ட் தீவுக்குப் போகும் கம்பிவட ஊர்தி 59-ஆவது தெருவிலிருந்து கிழக்கு ஆற்றுக்கு மேலே, கட்டடங்களின் ஜன்னல்களை உரசுவதுபோலப் போகிறது. சுரங்க ரயிலுக்கான அதே கட்டணம்தான்; வங்கி அட்டையைத் தட்டினால் போதும்.

அதைவிட நல்லது ஸ்டேட்டன் தீவுப் படகு. மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து இரவும் பகலும் ஓடுகிறது. ஒரு வழிக்கு 25 நிமிடம். 1997 முதல் கட்டணமே இல்லை. மேகம் தாழ்ந்த நாளிலும் இது ஏமாற்றாது. ஒன் வேர்ல்டிலிருந்து நகம் அளவில் தெரிந்த சுதந்திர தேவி சிலை இங்கே சிலையாகத் தெரியும். பின்னால் தெற்கு மன்ஹாட்டன் கட்டடங்கள் மொத்தமும் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும். போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். அக்கரையில் எல்லோரும் ஒருமுறை இறங்கித்தான் திரும்ப ஏற வேண்டும், வரும்போது இடப்பக்கம்.